நடைவழியில் கேட்ட கடைசி ஆசை

மார்ச் 3, திங்கள்
இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று ஆனவர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் அடையாறு இல்லத்தில் இன்று தரம் வந்து இறங்கியது. பெயர் ராகேஷ். நோயாளிகளைப் பற்றி நர்ஸுகள் எழுதும் பதிவுகளைச் சீராக்க வந்த தர ஆலோசகர். புதுக் கேள்வி ஒன்று: 'எங்கே இறக்க விரும்புகிறீர்கள்?' குடும்பத்தார் முன்னால் நோயாளியிடமே கேட்க வேண்டுமாம்!

தலைமை நர்ஸ் பங்கஜம் காதைப் பொத்திக்கொண்டார். "இவன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

மார்ச் 5, புதன்
வழி கண்டுபிடித்துவிட்டோம். நோயாளியை விட்டுவிட்டு, சொந்தக்காரர்களை நடைவழியில் நிறுத்திக் கேட்கிறோம். "இங்கயே இருக்கட்டும் சிஸ்டர்." வாடகை வீடென்றால் கேட்கவே வேண்டாம், பிணத்தை உள்ளே விட ஹவுஸ் ஓனர் சம்மதிக்க மாட்டார். ஆக, எங்கள் நோயாளிகள் அத்தனை பேருக்கும் இங்கேயே சாகத்தான் ஆசை. ராகேஷுக்குப் பரம திருப்தி. கம்ப்யூட்டரில் எல்லாக் கட்டமும் பச்சை.

மார்ச் 6, வியாழன்
நொச்சிக்குப்பத்தில் மீன் விற்ற தேவானையம்மாவின் மகன் செந்தில்குமார் நடைவழியில் கும்பிட்டான். "கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர். அம்மாவுக்கு அல்சர்னுதான் சொல்லிகினு கீறேன்."

உள்ளே போய்த் தலை வாரிவிட்டேன். தேவானையம்மா என் கையைப் பிடித்தார். "இன்னும் எத்தினி நாளு தாங்குவேன்? பையன்கிட்ட சொல்லாத கண்ணு. அல்சர்னு நம்பிகினு கீறான்."

சரியான ஜோடி!

மார்ச் 7, வெள்ளி
நேற்று எழுதியது சிரிக்கிற விஷயமில்லை. "ஊட்டாண்ட இருந்தா கடல் காத்தாவது வரும்" என்றார் இன்று தேவானையம்மா. வீட்டுக்குப் போகக் கேட்டால் மகனுக்கு விஷயம் தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு கிடக்கிறார். அவருக்கு 'இல்லத்திலேயே' என்று பதிந்தது யார்? நான்தான். என்ன எழவு வேலை இது—

மார்ச் 8, சனி
இங்கே யாருமே செய்யாததைச் செய்தேன். விதியில் உள்ளபடி கேட்டேன். மகனைக் கட்டிலருகே உட்காரவைத்து, "கடைசி காலத்துல எங்க இருக்கணும்மா?" என்றேன்.

செந்தில் முகம் செத்துவிட்டது. தேவானையம்மா அவனையே பார்த்தார்.

"உனக்குத் தெரியுமாடா?"

"உனக்குமாம்மா?"

அவர்தான் முதலில் சிரித்தார். "அல்சராம் அல்சரு! மூஞ்சப் பாரு." பிறகு மூன்று பேரும் அழுதோம். "ஊட்டுக்கு இட்னு போடா" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு
இட்டுக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 20, வியாழன்
ராகேஷுக்கு வருத்தம். தேவானையம்மா வீட்டில் இறந்ததால் எங்கள் 'நல்ல மரணங்கள்' கணக்கில் வரமாட்டாராம். நல்லவேளை, இது அந்தம்மாவுக்குத் தெரியாது.

மீதி வலி மருந்தைத் திருப்பிக் கொடுக்க செந்தில் வந்திருந்தான். எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"பேசிகினே இருந்துச்சு சிஸ்டர். இன்னா பொடவ கட்டணும்னு அதுவே எடுத்து வெச்சுது. சாவு மேளம் மட்டமா அட்ச்சா எய்ந்து வந்துடுவேன்னுச்சு."

மருந்துப் பாட்டிலை என் மேஜைமேல் வைத்தான்.

"நல்லாத்தான் அட்ச்சாங்க சிஸ்டர். வரல."