முகிலனின் கம்ப்யூட்டரில் தெளித்த தண்ணீர்

வியாழன் இரவு, ஆயுத பூஜைக்கு மறுநாள்.

மகன் முகிலனின் கம்ப்யூட்டர் ஓடவில்லை. பட்டனைத் தட்டினால் மூன்று முறை பீப் என்கிறது. திரை கறுப்பாகவே நிற்கிறது. கெலாங் பாத்தாவிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த நீளமான தகடு ஒன்றை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். அப்போதும் பீப்தான்.

"உள்ள தண்ணி ஏதும் பட்டுச்சா அத்தை? பட்டிருந்தா காயாம ஓன் பண்ணக்கூடாது. டிஸ்க் எரிஞ்சா எல்லாம் போச்சு."

மகள் சிரித்தாள். "அம்மாவா? தம்பி கம்ப்யூட்டர் அவங்களுக்கு சாமி லா. தொடைக்கவே பயப்படுவாங்க."

நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

முகிலன் போய் ஏழு மாதம்தான் ஆகிறது. வருஷம் திரும்பும்வரை வீட்டில் பூஜை கூடாது. ஆனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவன் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளிப்பான். நேற்று யாருக்கும் தெரியாமல் நான் செய்தேன். அவன் எவ்வளவு தெளிப்பான் என்று எனக்குத் தெரியாது. பெட்டியின் மேலே ஓட்டைகள் இருப்பதையும் பார்க்கவில்லை. சந்தனத்தைக் காலையிலேயே துடைத்துவிட்டேன்.

அவன் ஃபோன் மோட்டார் சைக்கிளோடு நொறுங்கிப் போனது. அவன் பேசிச் சிரித்த வீடியோ எல்லாம் இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. கூடாததைச் செய்ததால்தானோ... எழுத வேண்டாம்.

மாப்பிள்ளை நாளைக் காலையில் வந்து வேறு தகடு போட்டு ஓன் பண்ணுவாராம். அதற்குள் காய்ந்துவிடுமா?

கரண்டு ஒயரை உருவி என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒயர் எங்கே என்று அவர் என்னைத்தான் கேட்க வேண்டும். அப்போது சொல்லிவிடுவேன்.