மூடுபனிக்குள் ஒரு மான்

அன்புள்ள தேனுஜா,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை செய்யும் வேட்டைப் பொருட்கள் கடைக்கு நாகமுத்து அண்ணை வந்தார். ஜேர்மனியில், இந்த வுப்பர்டால் நகரில் நெடுங்காலமாக இருப்பவர்; வேட்டை அனுமதியும் வைத்திருக்கிறார். போன வருடம் தூரத்தைத் தவறாகக் கணித்துச் சுட்டதில் ஒரு மான் காயத்தோடு ஓடிவிட்டதாம்.

"நம்பக்கூடிய தூரமானி ஒண்டு தாரும் தம்பி. இல்லாட்டி இனித் துவக்கைத் தொடமாட்டன்" என்றார்.

மூன்று லேசர் கருவிகளோடு காட்டோரம் போனோம். ஒரே மரத்தைக் குறிவைத்தும், இரண்டு கருவிகள் மூடுபனியில் குழம்பி ஒவ்வொரு முறையும் வேறு தூரம் காட்டின. மூன்றாவது மாறவேயில்லை. அந்த மூன்றாவது கருவியில் கண்ணை வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெண்மையிலிருந்து ஒரு மான் மெல்ல மெல்ல உருவாகி வந்தது. அதன் நெஞ்சருகே தூரம் சிவப்பு எண்களாக மிதந்தது. கனவோ என்று நினைத்தேன்.

"துவக்கு வீட்டில கிடக்கு. இண்டைக்கு மான் சும்மா நடக்கட்டும்" என்றார் அண்ணை. அந்தக் கருவியையே வாங்கிக்கொண்டார்.

அங்கே கருவியிலிருந்து கண்ணெடுக்காமல் மானின் பின்னாலேயே நடந்ததில் நான் ஒரு பள்ளத்தில் விழுந்தேன். கணுக்காலில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லாதே.

மாங்காய் ஊறுகாய் அனுப்பு. போத்தலைக் காகிதத்தில் சுற்ற வேண்டாம். நீ உடுத்திய பழைய சேலை ஏதாவதில் சுற்று. நிறுத்தத்தில் இருந்துதான் எழுதுகிறேன்; பேருந்து வந்துவிட்டது.

உன் ஐங்கரன்