மாப்பிள்ளை சரி செய்த கிராமபோன்

என் உயிரான மாமாவுக்கு,

கட்டிக்கொண்ட பிறகும் உங்களை மாமா என்றேதான் கூப்பிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகு மட்டும் வேறு என்ன சொல்லிக் கூப்பிட? நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இல்லை மாமா. நம் கிராமபோனைச் சரி செய்துவிட்டார்கள்.

செய்தவர் மாப்பிள்ளை. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் நம் மகள் தங்கத்தைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து வந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்டியைப் பிரித்து, ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்தார். "இன்னா அத்தே இது, உள்ள ஒரே பிசினா இருக்குது? யாரு இதுல புங்க எண்ணெய் ஊத்துனது?" என்றார்.

யாரென்று சொல்வேன்? நீங்கள் வேலை பார்த்த தோல் ஷாப்பில் பதனிட்ட தோலுக்குப் பூசுகிற எண்ணெயை நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள்! "வெறச்சிக் கெடக்கிற தோலையே மெத்துனு ஆக்குது, இந்த இரும்புக்கு இன்னா கேடு?" என்றீர்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதிலிருந்து பாட்டு வைத்தாலே வீட்டில் ஷாப்பு வாசனை. எண்ணெய் இறுக இறுகப் பாட்டும் தளர்ந்தது. பிளேட்டில் நன்றாகப் பாட ஆரம்பிக்கிற அந்த அம்மாள் போகப் போக அசந்து, குரல் தடித்து, கடைசி அடியில் தூங்கியே விடுவாள். நீங்கள் எழுந்து சாவி கொடுத்தால் திடுக்கிட்டு விழித்துப் பாடுவாள்.

உங்களுக்கு இளைப்பு வந்த பிறகு அந்தப் பாட்டோடு மட்டும்தான் சேர்ந்து பாட முடிந்தது. நீங்கள் மூச்சு வாங்கும்வரை அது காத்திருந்தது. நீங்கள் போன பிறகும் ஷாப்பு லீவு விடும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை வைப்பேன். அவள் இழுத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் உங்கள் மூச்சு கேட்கும். பிரமைதான். இருக்கட்டுமே.

இப்போது? ரயிலுக்கு நேரமாகிவிட்டவள் மாதிரி பாடுகிறாள். குரலும் சின்னப் பெண் குரலாகிவிட்டது. பக்கத்து வீட்டு பீபியம்மா எட்டிப் பார்த்து, "இப்பத்தான் ஷோக்கா பாடுது!" என்றாள். தங்கம் கைதட்டினாள். மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்க முடியுமா மாமா? "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். அடுப்புப் புகைதான் கண்ணைக் கரித்தது என்று தங்கத்திடம் சொன்னேன்.

வேகத்தைக் குறைக்க ஒரு திருகு இருக்கிறதாம், அவரே காட்டினார். அவர் வெளியே போனதும் திருகிப் பார்த்தேன். முதல் அடியிலிருந்தே ஆம்பிளைக் குரல். விரலால் பிளேட்டை அழுத்திப் பார்த்தேன். ஊசி துள்ளிக் கீறல் விழுந்ததுதான் மிச்சம். நீங்கள் மூச்சு வாங்கும் இடம் அதில் எங்குமே இல்லை.

"இதைக் கட்டிக்கினு ஏன் அழறீங்க அத்தே? அடுத்த தபா ரேடியோ எடுத்தாறேன்" என்றார். சாவி கொடுக்க வேண்டாமாம், ஊசி மாற்ற வேண்டாமாம். பட்டணத்தில் யாரோ வைப்பதை நாம் உட்கார்ந்து கேட்டால் போதுமாம். நமக்காக அது எங்கே காத்திருக்கப் போகிறது?

நேற்று அவர் ரயிலேறியதும் ஷாப்பு மேஸ்திரியிடம் சொல்லி ஒரு கிண்ணம் புங்க எண்ணெய் வாங்கினேன். நீங்கள் ஊற்றிய இடத்திலேயே ஊற்றினேன். வாசனை வந்துவிட்டது மாமா. பாட்டுதான் நிற்காமல் ஓடுகிறது. அந்த எண்ணெய் பிசினாக எத்தனை வருஷம் ஆயிற்று, உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு அவ்வளவு காலம் இருக்கிறதா?

ரேடியோ வந்தால் வரட்டும், ஒரு மூலையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் நம் பெட்டிக்குச் சாவி கொடுப்பேன். அவள் அசரும்வரை நான் அசர மாட்டேன்.

உங்கள் அக்காள் மகள், உங்கள் பெண்டாட்டி,
செல்லம்மாள்
ஆம்பூர்