பொச்சுமட்டையில் ஒட்டிய வெள்ளை

மச்சான்,

இன்று காலை படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப்போட்டு அடிப்புறம் சுரண்டினேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டுமென்ற அவசரத்தில் பாதிவரை வந்துவிட்டேன். அதன் பிறகுதான் அந்த மணம் மூக்கில் ஏறியது. ஈரச் சிப்பியும் பாசியும் சேற்றோடு சேர்ந்து நாறும் மணம். கத்தியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் எட்டு மாதமாகிறது. உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றை நீ இருந்த காலத்தில் நான் சொல்லவேயில்லை.

நம் முல்லைத்தீவுக் களப்பின் உப்புத் தண்ணீருக்கடியில் அந்த விமானம் கிடந்த இடம் எல்லா வலைகளுக்கும் தலையிடி. இரண்டாம் உலகப் போரில் விழுந்ததென்று அப்பா ஆட்கள் சொல்வார்கள். வலை சிக்கிக் கிழியும்போதெல்லாம் நான் வாயில் வந்தபடி திட்டுவேன். நீ சிரிப்பாய். "பிளேன் தம்பி இண்டைக்கும் எங்களைப் போக விடேல்லையடா. தனிய இருந்து அலுத்துப்போனாராக்கும்" என்பாய். கண்டறியாத ஒரு வெள்ளைக்காரனை முறை சொல்லிக் கூப்பிட்டவன் இந்தக் கரையில் நீ ஒருவன்தான்.

கடைசிச் சண்டையோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. இடம்பெயர்ந்து ஓடிய சனத்துக்குள் உன் கையை விட்டுப் பிரிந்த மகன் திரும்பி வரவில்லை. இங்கேதான் கிடக்கிறான் என்று காட்ட ஒரு சிலுவைகூட இல்லை. கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு, இறந்தவர்களின் பெயர்களைத் துண்டில் எழுதிக் கோயிலில் கொடுப்போமே, அதில் அவனுடைய பெயரை எழுத உனக்கு நாலு வருடம் பிடித்தது. எழுதிய அன்று, அதற்குக் கீழே 'களப்பில் விழுந்த பிளேன்காரன்' என்றும் எழுதினாய். பூசையில் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்த சுவாமியார் அந்த இடத்தில் தடுமாறி, அப்படியே தாண்டிப் போய்விட்டார்.

"பாத்தியே, பேரில்லாட்டிப் பூசையிலையும் இடமில்லை" என்றாய் வெளியே வந்து. "அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாதானே. கேட்டுக்கேட்டே செத்திருப்பா."

அதனால்தான், விமானத்தைத் தூக்கிப் பாதுகாக்கத் தொல்பொருள் ஆட்கள் வருகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாய். குழுவுக்குப் பொறுப்பாக வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். இலக்கம் பொறித்த இயந்திரம் எங்கோ சேற்றில் புதைந்துபோய்விட்டது, அகப்படவில்லை. "பிளேன்ர உடம்பிலயும் இலக்கம் எழுதியிருக்கும் ஐயா. அது தெரிஞ்சால் ஓட்டினவர் ஆரெண்டு பழைய பதிவுகளில தேடிப் பிடிக்கலாம்" என்றார் அவர். "முழுப் பேரும் வருமோ பிள்ளை?" என்று இரண்டு தரம் கேட்டாய். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் உன் முகம் வெளித்தது.

தூக்கிய விதமும் உன்னுடையதுதான். சுனாமிக்குப் பிறகு தண்ணீருக்குள் தாழ்ந்த படகுகளை எடுத்தோமே, அதேபோல லொறி டியூப்புகளை அடியில் கட்டிவிட்டுக் காற்றடிக்கச் சொன்னாய். களப்பு குமிழி விட்டது. சேறு மூடிய ஒரு முதுகு மெல்ல மேலே வந்தது. பறவைக்கு ஒடிந்ததுபோல ஒரு பக்கச் செட்டை இல்லை. உள்ளே ஒரு சப்பாத்தின் அடி மட்டும் இருந்தது. நீ சட்டையைக் கழற்றி அதற்குள் அந்த அடியைச் சுற்றி வைத்துக்கொண்டாய்.

சனிக்கிழமை பின்னேரம் கரை சேர்த்தோம். "காயவிடாதேங்கோ. ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணி ஊத்திக்கொண்டிருங்கோ. திங்கள் வந்து மிச்சத்தைப் பாப்பம்" என்றுவிட்டு அந்தப் பெண் போய்விட்டார். ஞாயிறு காலை என்னைக் காவலுக்கு விட்டுவிட்டு நீ பூசைக்குப் போனாய்.

மச்சான், கடலிலிருந்து ஏறிய எதையும் சுரண்டாமல் போட்டு வைப்பவனை நம் கரையில் சோம்பேறி என்பார்கள். சிப்பி காய்ந்தால் கல்லாக இறுகிவிடும், ஈரத்தோடு எடுத்தால்தான் வரும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சாக்கை விலக்கிவிட்டுக் கத்தியால் சுரண்டினேன். தேங்காய்ப் பொச்சுமட்டையில் மணல் தொட்டுத் தேய்த்தேன். மட்டையில் வெள்ளை ஒட்டியது. இலக்கம் தகரத்தில் வெட்டியிருக்கும், தேய்த்தால் தெளியுமென்று நினைத்தேன்; பழைய பெயின்ற் கழன்று போகட்டுமென்று இன்னும் அழுத்தினேன். தகரம் பளபளவென்று வந்தது. திங்கட்கிழமை எல்லோரோடும் சேர்ந்து நீயும் பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்று மறுபடி சாக்கால் மூடி வைத்தேன்.

அந்தப் பெண் சாக்கைத் தூக்கிப் பார்த்ததும் அப்படியே மணலில் குந்திவிட்டார். "ஐயோ, இலக்கம் இருந்த பக்கமெல்லோ இது. ஆர் சுரண்டினது?" என்றார். நான் கையைச் சட்டையில் துடைத்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு கையைப் பார்த்தாய்.

"நான்தான் பிள்ளை. படகெண்ட நினைப்பில செய்துபோட்டன்" என்றாய் நீ.

அன்று அத்தனை சனத்துக்கு முன்னால் நீ தலைகுனிந்து பேச்சு வாங்கினாய். அதற்குப் பிறகு விமானத்துக்குக் கிட்டப் போக உன்னை விடவில்லை. அதை மாதக்கணக்கில் நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு உப்பெடுத்து, இப்போது கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை. 'ஓட்டியவர் பெயர் தெரியவில்லை' என்று அதில் எழுதியிருக்கிறது. நீ ஒரு தரம் போய் வாசித்துவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு கோயில் துண்டில் பிளேன்காரனை எழுதுவதை விட்டுவிட்டாய். நாம் தொடர்ந்து ஒரே படகில் போனோம், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தோம். ஒரு சொல் நான் சொல்லவில்லை. வெட்கம் மச்சான், வேறொன்றுமில்லை.

போன கிழமை உன் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தெரியும் அண்ணை. அண்டைக்கே வந்து சொன்னவர், உங்கட நகத்துக்குள்ள வெள்ளை கிடந்ததெண்டு. 'அவன் தாங்கமாட்டான், நான் எல்லாத்தையும் தாங்கினவன்தானே' எண்டவர்."

அவளுடைய குசினி வாசலில் குந்தியிருந்து அழுதேன். பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன். சுவாமியார் மன்னிப்புக் கொடுத்தார். ஆனாலும் ஒரு தாய் வைத்த பெயரைத் தேய்த்து அழித்த கை இதுதானே, இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அந்தப் பிளேன் தம்பியை நீ அங்கே கண்டிருப்பாய். பெயரும் கேட்டறிந்திருப்பாய். தன் இலக்கத்தைச் சுரண்டியது யாரென்று அவன் கேட்டால், இந்த முறை 'நான்தான்' என்று சொல்லாதே மச்சான். என் பெயரைச் சொல்லு.