கஞ்சி போட்ட காற்றுப்பை

கிரீன் ரிவர், யூட்டா
14 ஜூன் 1961

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய லாமாருக்கு,

உன் கடிதமும் விற்பனைப் பத்திரமும் சனிக்கிழமை வந்து சேர்ந்தன. நம் செஸ்னாவை நம் சபை ஃபெரினுக்குக் கொடுப்பதாக நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். விமானம் இருவர் பெயரிலும் இருப்பதால் எனக்கும் கையெழுத்துப் போட ஓர் இடம் விட்டிருக்கிறாய். மகராசன், அதற்காவது மனசு வந்ததே! மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தால் புத்தி இப்படித்தான் போகும் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். பிறகு கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை.

இங்கே கோழிகள் சுகம். சபைப் பெண்கள் வாரம் தவறாமல் கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி கொண்டுவருகிறார்கள். இழவு வீட்டுக்குக் கொண்டுபோகிற அதே ஜெல்லி. பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லாவற்றையும் கோழிக்குத்தான் போடுகிறேன்.

திங்கட்கிழமை ஃபெரின் வந்தார். குதிரை வாங்க வந்தவர் மாதிரி, புது இறக்கை போட்டுச் சரிசெய்த விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "லாமாருக்கு வயசாயிடுச்சு சிஸ்டர். அந்த மேட்டு ஓடுபாதையில அவ்வளவு வேகமா எவனாச்சும் இறங்குவானா? பேசாம என்கிட்ட குடுத்துட்டு நீங்க ஜாம் காய்ச்சுங்க" என்றார். "ஜாம் காய்ச்சவும் தெரியும் பிரதர், அதைத் தூக்கிட்டுப் பறந்து வந்து உங்க கூரை மேல கொட்டவும் தெரியும்" என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"என் கண் போய்விட்டது வெர்லா, காற்றைத் தப்பாகப் பார்த்துவிட்டேன், இனிப் பறந்தால் யாரையாவது கொன்றுவிடுவேன்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. உன் கண்ணை எனக்குத் தெரியாதா? பதினெட்டு வயதில் விமானம் ஓட்ட உரிமம் வாங்கியவள் நான். உனக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். முதல் நாள் உன் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்தாயே, அன்றைக்கும்கூடக் காற்றைச் சரியாகத்தான் சொன்னாய்.

அதனால் நேற்று நானே பறந்தேன். ஆமாம், நீ விமானத்தோடு விழுந்த அதே ஆர்டெல்லா வீட்டு ஆட்டுப் பண்ணைக்கு. உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், அப்புறம் உன் பேச்சை மீறினேன் என்று ஆகும். வெள்ளம் அவர்கள் பாதையை அறுத்துவிட்டது. தண்ணீர் இறைக்கும் பம்ப் உடைந்து நானூறு ஆடுகள் தாகத்தில் நின்றன. பம்ப்புக்கு வேண்டிய உதிரிப் பாகத்தையும் தபால் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த மேடு கண்ணில் பட்டதும் இருக்கைப் பட்டையை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டேன். ஓடுபாதையின் கோடியில், நீ போய் விழுந்த ஓடையில், இறக்கைத் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது.

மேலே வட்டமடித்துக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று காட்டும் கம்பத்துத் துணிக் காற்றுப்பையைப் பார்த்தேன். விறைப்பாக, கிழக்கே நீட்டிய கை போல நின்றது. மேற்கிலிருந்து இருபது மைல் வேகக் காற்று என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் வீட்டுப் புகை நேராக மேலே போனது. ஆட்டுத் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் அசையவே இல்லை. பை மட்டும் எந்தக் காற்றில் நிற்கிறது? இன்னொரு வட்டம் அடித்தேன். புகையை நம்பி மெதுவாக இறங்கினேன். பையை நம்பியிருந்தால் எதிர்க்காற்று தடுத்துப் பிடிக்கும் என்று வேகமாக வந்து, நானும் ஓடையில்தான் கிடந்திருப்பேன்.

ஆர்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பையைத் தொட்டுப் பார்த்தேன். அட்டை மாதிரி இருந்தது. இது என்ன என்று கேட்டேன். அவளுக்கு முகமெல்லாம் பெருமை. "பழச பிரதர் லாமார் கந்தல்னு கேலி பண்ணாருல்ல? அதான் பிப்ரவரியில புதுசா தச்சேன் சிஸ்டர். சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வீட்டுக்காரர் சர்ச் சட்டையோட இதையும் தொவச்சு கஞ்சி போட்டு மாட்டிடுவேன். பிரதர் மறுபடி வரப்ப மொடமொடன்னு மரியாதையா நிக்கணும்ல" என்றாள்.

கஞ்சி, லாமார்! காற்றுப்பைக்குக் கஞ்சி! மார்ச்சில் நீ இறங்கிய அன்று தொட்டி உறைந்திருந்தது. எல்லாரும் குட்டி ஈனும் ஆடுகளோடு வெளியே கிடந்ததால் அடுப்பிலும் புகை இல்லை. உனக்கு அந்தப் பை ஒன்றுதான் சாட்சி, அது பொய் சொல்லிவிட்டது. நான் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மூன்று மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் அங்கேதான் வெளியே வந்தது.

அவளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. "காத்துக்கும் கஞ்சிக்கும் ஒத்துக்காது தங்கச்சி, இனிமே வெறும் தண்ணியில அலசிப் போடு, அதுதான் வழக்கம்" என்று மட்டும் சொன்னேன். பம்ப் ஓடத் தொடங்கியதும் நானே பையைத் தொட்டியில் முக்கிப் பிழிந்து மாட்டினேன். தொளதொளவென்று தொங்கியது. அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உண்மை தெரிந்தால் சாகும்வரை அதைச் சுமப்பாள். நீயும் வாயைத் திறக்காதே. ஃபெரின் ஊரெல்லாம் உன்னைக் கிழவன் என்று சொல்லித் திரியட்டும். நமக்குத் தெரியும், அது போதும். நீ திரும்பப் பறந்து காட்டினால் அவர் வாய் தானே அடங்கும்.

இனிச் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தபால் நான்தான் கொண்டுபோகிறேன். நீ வந்தால் முதலில் என் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். முறைக்காதே.

நடப்பாயா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என டாக்டர் எனக்கும் எழுதியிருக்கிறார். அவர் எலும்பைப் பார்த்துச் சொல்கிறார், உன்னை அவருக்குத் தெரியாது. கடவுள் உன் இடுப்புக்கு வலுவையும், கொஞ்ச நாளாகக் காணாமல் போன உன் பிடிவாதத்தையும் திருப்பித் தரட்டும். காலையும் மாலையும் இதைத்தான் கேட்கிறேன்.

பத்திரம் சமையலறை மேசையில் இருக்கிறது, பக்கத்தில் பேனாவும். தபாலில் அனுப்ப மாட்டேன். என் கையெழுத்து வேண்டுமென்றால், நம் வீட்டு வாசற்படி மூன்றையும் உன் சொந்தக் காலால் ஏறி வந்து கேள்.

உன்,
வெர்லா