அவர் கையிலிருந்தது என் ரெஸ்யூமே இல்லை

மார்ச் 3, திங்கள்

எங்கள் டெஸ்டிங் டீமை மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். நாளை பத்து மணிக்கு ஊரின் மறுகோடியில், வைட்ஃபீல்டில், வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ. தலைவலி என்று சொல்லி லீவு போட்டாயிற்று.

மார்ச் 4, செவ்வாய்

கோபத்தில் எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பஸ் மாறி மாறி, ஒன்பதே முக்காலுக்கே போய் நின்றேன். ரிசப்ஷனில் என் பெயரே இல்லை; விசிட்டர் பாஸுக்கென்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எச்.ஆர். க்ளென்னுக்கு ஆறு முறை போன் செய்தேன். பதினொன்றரைக்கு வந்து, "இன்னிக்கா? நாளைக்குன்னு நெனச்சேன். வெயிட் பண்ணுங்க" என்றார். ஒரு சாரி? ம்ஹூம்.

பக்கத்தில் நிருபமா, அதே வேலைக்கு வந்தவர். வேலை போய் எட்டு மாதமாம். ஒரு மணிக்கு எழுந்துவிட்டார். "பாப்பாவுக்கு ஸ்கூல் விட்டுடும். கூப்பிட்டா சொல்லுங்க, ப்ளீஸ்" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். மேனேஜர் அனந்தபத்மநாபன் சாப்பிட்டுக்கொண்டே, "நிருபமா?" என்றார்.

"இல்ல சார், வைஷ்ணவி. அவங்க கிளம்பிட்டாங்க."

"பரவால்ல, உட்காருங்க."

கையில் நிருபமாவின் ரெஸ்யூமே. அதையே புரட்டி, பன்னிரண்டு வருஷமாக என்ன செய்தீர்கள் என்கிறார். எனக்கு ஆறு வருஷம்தான் சார் என்றால், "இங்க பன்னெண்டுன்னு போட்டிருக்கே" என்று என்னை முறைக்கிறார்! நடுவில் இரண்டு போன். இருந்தும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

ஏன் எழுந்து வரவில்லை? ஏன்டி வரல? மார்ச் முப்பத்தொண்ணு. அதான்.

மார்ச் 6

தகவல் இல்லை.

மார்ச் 12, புதன்

க்ளென் என் நம்பருக்குக் கூப்பிட்டு, "கங்கிராட்ஸ் நிருபமா, செலக்ட் ஆயிட்டீங்க. ஆன்சர்ஸ் எல்லாம் சூப்பராம்!" என்கிறார்.

"நான் வைஷ்ணவி."

கீபோர்டைத் தட்டும் சத்தம். பிறகு, "அப்ரூவல் அந்தப் பேருக்கு வந்துடுச்சே..."

"பதில் சொன்னது நான்!"

"புரியுது மேடம். ஆனா இனிமே மாத்த முடியாது."

கத்தினேன். பி.ஜி. ஹாஸ்டல் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மார்ச் 13

நிருபமாவிடம் நானே சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். எட்டு மாதம் என்றாரே.

"எனக்கு இன்டர்வியூவே நடக்கலியே! வேணாம், வைஷ்ணவி."

"போங்க. எப்படியும் எனக்குத் தரப் போறதில்ல. கோபம் உங்க மேல இல்ல."

அவர் க்ளென்னிடம் உண்மையைச் சொல்லியும், "திங்கக்கிழமை ஜாயின் பண்ணுங்க" என்றுதான் பதிலாம்.

ஏப்ரல் 7, திங்கள்

புது ஆபீஸில் முதல் நாள். எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே, சின்னக் கம்பெனி. இன்டர்வியூவுக்குச் சொன்ன நேரத்தில் கூப்பிட்டு, என் ரெஸ்யூமேயைப் பார்த்தே கேள்வி கேட்டார்கள். அதற்கே அழுகை வந்தது அன்றைக்கு.

மதியம் நிருபமா பேசினார். அங்கே அவருக்குக் கொடுத்த அடையாள அட்டையில், ரிசப்ஷனில் எடுத்த என் போட்டோவாம்.

"மாத்தச் சொல்லுங்க!"

"மூணு தடவ சொல்லிட்டேன். உங்க மூஞ்சியக் காட்டித்தான் தினமும் உள்ள போறேன்."

அவர் சிரித்தார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.