பஞ்சு யாரைத் தேடுகிறாள்

பிப்ரவரி 9

என் மகளின் அப்பாவுக்கு,

நீங்களும் பஞ்சுவும் நலமா என்று கேட்க மாட்டேன். நலமாகத்தான் இருக்கிறீர்கள், நேற்றுப் போனிலேயே தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீங்கள் குறுக்கே பேசுகிறீர்கள், அது சண்டையில் போய் முடிகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா?

"பஞ்சு இன்னைக்கு சிரிச்சா தெரியுமா!" என்றீர்கள். யாரைப் பார்த்து என்று கேட்டேன். "டீச்சரைப் பார்த்து" என்றீர்கள். கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்து போகிற பெண். அவளைப் பார்த்து என் மகள் முதன்முதலாகச் சிரித்திருக்கிறாள். அதை எனக்கு மிட்டாய் நீட்டுவது போலச் சொல்கிறீர்கள்.

இங்கே ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் சலவைக்கு மூட்டை மூட்டையாக வருகின்றன. காப்பிக் கறை தனி, உதட்டுச்சாயம் தனி, ரத்தம் தனி என்று பிரித்துப் போடுவது என் வேலை. நீராவியில் நின்று நின்று கைவிரல் எல்லாம் ஊறிக் கிடக்கிறது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்து நிற்கிறேனே, ஆசைப்பட்டா வந்தேன்? டவுன் சிண்ட்ரோம் என்று சொன்ன கையோடு இதயத்தில் ஓட்டை என்றும் சொன்னார் டாக்டர். நான் வேலையில் இருக்கும் வரைதான் கம்பெனியின் மருத்துவத் திட்டம் ஆபரேஷனை ஏற்கும். கம்பெனி இந்த ஊரில், இதய மருத்துவமனை உங்கள் ஊரில். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம், மறுக்கவில்லை. பேசியது இரண்டு பேர், வந்தது நான் ஒருத்தி.

பால் இன்னும் வற்றவில்லை. நேற்று மார்பு கல்லாகிவிட்டது. கை கழுவும் தொட்டியில் பீய்ச்சி ஊற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அதே நேரத்தில் அங்கே அவளுக்குப் புட்டியில் புகட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். நீங்கள்தானே? டீச்சர் இல்லையே?

அவளைப் பெற்றவள்


பிப்ரவரி 16

என் வீட்டுக்காரிக்கு,

உறையைப் பிரிக்கும்போதே அனல் அடித்தது.

டீச்சருக்கு என் அக்காவின் வயது. முழங்கால் வலிக்காரி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நான்தான் கை கொடுக்க வேண்டும். (இதையும் எழுதியிருக்கக் கூடாதோ?) புட்டிப் பால் என் கையால் மட்டும்தான். நாலு உறிஞ்சு உறிஞ்சுவதற்குள் பஞ்சுவின் நெற்றி வேர்த்துவிடும், மூச்சு வாங்கும். நிறுத்தி, துடைத்து, மறுபடி கொடுப்பேன். ஒரு வேளைப் பால் முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். ஐந்து கிலோ ஆகட்டும், ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அதுவரை சளி பிடிக்கக் கூடாது, அழ விடவும் கூடாதாம். அழுதால் உதடு கறுத்துவிடுகிறது.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கதவில் கண்ணாடி போட்டுவிட்டேன். முடித்தூள் உள்ளே போகாது. வெட்டிக்கொண்டே அவளைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் நேற்று வங்கிக்காரருக்கு ஒரு பக்கக் கிருதா போய்விட்டது. இன்னொருவர் பாதிச் சவரத்தில் தும்மினார். "அண்ணே, மீதிய வீட்ல போய் பாத்துக்குங்க" என்று எழுப்பி அனுப்பிவிட்டேன். ஊரெல்லாம் என்னைப் பைத்தியம் என்கிறது. நாங்கள் இருவரும் கவலைப்படவில்லை.

பால் விஷயம் படித்துவிட்டு நெடுநேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தேன்.

உன்னவன்


மார்ச் 21

பஞ்சுவின் அப்பாவுக்கு,

"நாங்கள் இருவரும்" என்று எழுதியிருந்தீர்கள். முன்பெல்லாம் அந்தச் சொல்லுக்குள் நான் இருந்தேன்.

டீச்சரை விட்டுத் தள்ளுங்கள். என் வயிற்றெரிச்சல் அவள் மேல் இல்லை, உங்கள் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் பஞ்சுவின் முகத்தைக் காட்டினீர்கள். நான் கூப்பிடக் கூப்பிட அவள் போனின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் பின்னாலிருந்து லேசாகத் தொண்டையைச் செருமினீர்கள். அவ்வளவுதான், தலை அப்படியே உங்கள் பக்கம் சாய்ந்தது. தலையே நிற்காத பிள்ளை, தோளில் போட்டால் பஞ்சு மாதிரி துவண்டு விழுகிறாள் என்றுதானே அந்தப் பெயரை வைத்தோம்? உங்களுக்காக மட்டும் அந்தக் கழுத்துக்குப் பலம் எங்கிருந்து வந்தது?

விடுதியில் என் அறையில் இருப்பவள், "புருஷன் புள்ளைய நல்லா பாத்துக்கிறாரேன்னு சந்தோஷப்படுவியா, இப்படி மூஞ்சிய தூக்கி வெச்சிட்டிருக்க" என்கிறாள். அவளுக்கு என்ன, சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எடை ஏறிவிட்டது என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் முதலில் சந்தோஷம் வருகிறது. அதன் பின்னாலேயே, நான் இல்லாமலே ஏறுகிறதே என்றும் வருகிறது. பெற்றவளுக்கு வரக்கூடிய நினைப்பா இது? வருகிறதே, என்ன செய்ய?

சீக்கிரம் ஐந்து கிலோ ஆக்குங்கள். எப்படியாவது ஆக்குங்கள்.

நான்


ஏப்ரல் 18

வீட்டுக்காரிக்கு,

ஐந்து கிலோ தாண்டிவிட்டாள். மே முதல் வாரத்தில் ஆபரேஷன். லீவு எழுதிக்கொடு, உடனே கிளம்பு. நான் அவளிடம் உன்னைப் பற்றித்தான் பேசுகிறேன். நம்பமாட்டாய் என்று தெரியும்.

உன்னவன்


ஜூன் 20
(பால்டப்பாவின் அடியில் வைத்தது)

வீட்டுக்காரிக்கு,

நீ எழுந்து வரும்போது நான் பஸ்ஸில் இருப்பேன். கோபித்துக்கொள், ஆனால் முழுதாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

ஓட்டையை அடைத்தாயிற்று, தையலும் ஆறிவிட்டது. லீவு முடிந்து திரும்பிப் போயிருந்த நீ, இனி அவ்வப்போது பரிசோதனை மட்டும்தான் என்றதும் வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு, பெட்டி படுக்கையோடு வந்துவிட்டாய். வந்த நாளிலிருந்து உன் முகத்தைப் பார்க்கிறேன். நீ புட்டியை எடுத்தால் அவள் வாயை மூடிக்கொள்கிறாள், நான் எடுத்தால் திறக்கிறாள். நேற்று நீ, "நான் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவ மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய்.

நான் வீட்டில் இருக்கும் வரை அவள் உன்னிடம் வரமாட்டாள். நேற்றுப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன் அல்லவா? தனியாக டாக்டரிடம் கேட்டேன், "இப்ப அழுதா ஆபத்தா சார்?" அவர் சிரித்தார். "அழட்டும்பா. இப்ப அந்த இதயம் தாங்கும்."

அதனால் போகிறேன். அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு அங்கே ஒரு நண்பன் கடையில் வெட்டிக்கொண்டிருப்பேன். அவசரமென்றால் மட்டும் போன் செய். சும்மா செய்யாதே, என் குரல் கேட்டால் தேடுவாள். காலை மருந்து சின்னச் சிரிஞ்சில், கன்னத்தின் ஓரமாக. தூங்கும் முன் முதுகைத் தட்டக் கூடாது, தடவ வேண்டும்.

உன்னவன்


ஜூன் 27

வீட்டை விட்டு ஓடிப்போனவருக்கு,

உங்களை என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்தே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் திட்ட நேரமில்லை.

அன்று ஆபரேஷன் அறை வாசலில், "ஒருத்தர்தான் தூக்கிட்டு வரலாம்" என்று நர்ஸ் சொன்னதும் நீங்கள் அவளை என்னிடம் நீட்டினீர்கள். வாங்கிய மறுநொடி வீறிட்டாள், உதடு கறுத்தது. "நீங்களே போங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கதவு மூடியபோது, உயிரோடு திரும்பி வந்தால் போதும், என்னை அவளுக்குத் தெரியாமலே போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். திரும்பி வந்ததும் அந்த நினைப்பை மறந்துவிட்டேன். பழைய எரிச்சல் வந்துவிட்டது. மனுஷிதானே.

நீங்கள் போன அன்று பகல் முழுக்க அழுதாள். கண்ணாடிக் கதவைப் பார்த்துப் பார்த்து அழுதாள். நான் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்துதான் இருந்தது. பிறகு எனக்கே ரோஷம் வந்துவிட்டது. "அழு, நல்லா அழு, நானும் அழறேன்" என்று எதிரில் உட்கார்ந்து நானும் ஆரம்பித்துவிட்டேன். அவள் டக்கென்று நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். இப்படி ஒரு கூத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்பது போல. பிறகு விரலை நீட்டி என் கன்னத்து ஈரத்தைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டாள்.

சாயந்திரம் பால் குடித்தாள். வேர்க்கவே இல்லை! எப்போதிலிருந்து வேர்க்காமல் குடிக்கிறாள்? எனக்கு ஏன் சொல்லவில்லை?

இப்போது என் மேல்தான் தூங்குகிறாள். முதுகைத் தடவவில்லை, தட்டித்தான் தூங்க வைக்கிறேன். அவளுக்குப் பிடித்திருக்கிறது. டீச்சர் வந்தார், அவரைப் பார்த்தும் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம்தான் வந்தது. உட்கார்ந்தவரைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். பாவம், நல்ல மாதிரிதான்.

நாலு நாளாக உங்களைத் தேடவில்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

பஞ்சுவின் அம்மா


ஜூலை 2

பஞ்சுவின் அம்மாவுக்கு,

கடிதத்தை அக்காவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். "அப்பாடா, நினைச்சது நடந்துச்சு, சந்தோஷம்தானே?" என்றாள். சந்தோஷம்தான் என்றேன். "அப்புறம் ஏன்டா தட்டை அப்படியே தள்ளி வெச்சிருக்க?" என்றாள்.

தேடவே இல்லையா? காலையில் எழுந்ததும் கதவுப் பக்கமாவது பார்க்கிறாளா? பார்த்திருப்பாள். நீ கவனித்திருக்க மாட்டாய். தட்டினால் அவளுக்குப் பிடிக்காது. உனக்காகப் பொறுத்துக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன். இல்லை, பிடித்திருக்கலாம். எனக்கென்ன தெரியும், நான் இங்கே யாரோ ஒருவருடைய மீசையை ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அடியே, இதை நீ அத்தனை மாதம் தாங்கினாயா? நான் பத்துப் பன்னிரண்டு நாளில் எலும்பாகிவிட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். வந்ததும் அவளை வாங்க மாட்டேன். கடையைத் திறந்து நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். நீயே தூக்கிக்கொண்டு வா. நான் கூப்பிட மாட்டேன், தொண்டையைச் செருமவும் மாட்டேன். அவளாக என்னிடம் தாவினால் கொடு. தாவாமல் உன் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டால் அவசரப்படுத்தாதே, நான் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அப்போது நீ மட்டும் சிரிக்கக் கூடாது. சரி, கொஞ்சமாகச் சிரித்துக்கொள்.

அவளுடைய அப்பா